வால் வைத்த பாக்கெட்

என் வீட்டுக்காரர் பாக்கெட்டைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்தது பேண்டேஜ் துணிச் சுருள். இடது கையால் பிடித்து, கடைவாயில் வைத்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பி இழுத்தார். பாலிதீன் நீண்டு வெளுத்ததே தவிரக் கிழியவில்லை. வலது கை மடியில் சும்மா கிடந்தது. பக்கவாதம் வந்து எட்டு மாதம். அந்தப் பக்கத்துக் கையும் காலும் அவர் சொல் கேட்பதில்லை. வலது கணுக்காலில் செருப்பு வார் உரசி வந்த புண் வேறு, சர்க்கரையோடு சேர்ந்துகொண்டு ஆறமாட்டேன் என்றது. தினமும் சுத்தமான துணி மாற்றாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் சொல்லியிருந்தார். அவர் பாக்கெட்டைச் சுவரில் எறிந்துவிட்டுப் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டார். நான் உள்ளே போனால் என்ன கிடைக்கும் என்று தெரியும். "பொம்பள வந்து காலப் புடிக்கிற அளவுக்கு இந்தத் தவசிமுத்து இன்னும் செத்துப்போகலட்டி" என்று ஏற்கெனவே நாலு தடவை சொல்லிவிட்டார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பாக்கெட்டை ஒட்டியதே நான்தான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியைப் பாக்கெட் போடுகிற அகமது கபீர் பாயின் ஷெட்டில் ஏழு பெண்கள், கவர் வாயைச் சூட்டில் ஒட்டுகிற ஒரு சீலிங் மிஷின். மிஷினில் நான். ஒட்டிய பாக்கெட்டை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். அப்புறம் வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் தேறினால் பாய், "பயில்வான் வந்தாலும் பிரிக்க ஏலாது" என்பார். இந்தப் பாராட்டுக்காகவே 1987இலிருந்து ஐந்து வருஷமாக இறுக்கி இறுக்கி ஒட்டியிருக்கிறேன். பயில்வானை நினைத்தோம், புண்காரனை ஒருத்தியும் நினைக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் ஊர் சோழபுரத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் கையில் ஒரு காலிக் கவரை வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் வலது கையை முதுகுக்குப் பின்னால் சேலையில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில், ஒட்டுக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வால் போல விட்டு, ஒட்டைத் தொடாமல் அதில் ஒரு கீறல் போட்டேன். முழங்காலுக்கு அடியில் பாக்கெட்டை அமுக்கி வாலைப் பிடித்து இழுத்தால் கீழ்வரைக்கும் கிழிந்து வந்தது. வாளியில் முக்கினேன். குமிழ் இல்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல வீட்டுக்கு ஓடி, "ஒங்களுக்குன்னே செஞ்சேன்" என்று நீட்டினேன். அங்கேதான் கெட்டது. வாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நொண்டிக்குன்னு தனிப் பாக்கெட்டா? ஊரு பூரா எது பிரிக்குதோ அதக் கொண்டா. இல்லன்னா கால் போனாப் போவுது."

எனக்கு அழுகை வரவில்லை; கோபம்தான் வந்தது. காலைவிட ரோஷம் பெரிதா இந்த மனுஷனுக்கு? மறுநாள் அந்தக் கோபத்தோடேயே பாயிடம் போய், இனி எல்லாப் பாக்கெட்டுக்கும் வால் வேண்டும் என்றேன்.

"கத்திரி இல்லாத வீடு உண்டா அய்யம்மா?"

"கத்திரி ஒரு கைல. பாக்கெட்டு எந்தக் கைல மொதலாளி?"

பாய் சிரித்துக்கொண்டே ஒரு கையைப் பின்னால் கட்டினார். பாக்கெட்டை வயிற்றில் வைத்து அமுக்கினார், மேஜை விளிம்பில் தேய்த்தார், பிறகு எல்லோரையும் போலக் கடித்தார். இழுத்த வேகத்தில் மேல்வரிசைக் கட்டுப்பல் பாக்கெட்டோடு வெளியே வந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வாளித் தண்ணீரில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். பாய் பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு, அந்தப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரி நூர்பானுக்கு வெரல் மடங்காதும்மா, மூட்டு வாதம். பிஸ்கட்டக்கூடப் பிரிக்காம அப்பிடியே வச்சிருப்பா. சோம்பேறின்னுல்ல அவள வஞ்சிருக்கேன்."

அன்று மதியமே வால் வைத்து ஒட்டச் சொன்னார். வாங்குகிறவன் என்ன சொல்வானோ என்று முனகிக்கொண்டும் இருந்தார். பத்து நாள் கழித்து, எங்கள் தெரு மருந்துக்கடையிலேயே அந்தப் பாக்கெட் தொங்கியது. நான் வாங்கவில்லை. வீட்டுக்காரரே கம்பை ஊன்றிப் போய் வாங்கி வந்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் உலையில் அரிசியைப் போட்டேனா இல்லையா என்றே தெரியாமல் அடுப்புக்கும் கதவுக்கும் நடந்தேன்.

சர்ரென்று கிழிகிற சத்தம் கேட்டது. ஒரே இழுப்பு. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். கால் பிழைத்தது, அவர் ரோஷமும் பிழைத்தது என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம், பிறகு துணி சுற்றுகிற நேரம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் பொறுப்பது? கதவைத் தள்ளினேன்.

கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் வெள்ளைத் துணி ஒழுங்காகச் சுற்றியிருந்தது. நுனி இடது கையில் இருந்தது. விட்டால் அவிழ்ந்துவிடும், கட்டுவதற்கு இன்னொரு கை வேண்டும், வாய் அவ்வளவு தூரம் எட்டாது. பிரிப்பதையே நினைத்துக்கொண்டிருந்த நான் முடிச்சை நினைக்கவே இல்லை.

அவர் கூப்பிடவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். துணி நுனியைப் பிடித்திருந்த கை மட்டும் என் பக்கமாக நீண்டு நின்றது.