ஒரு கட்டை இறக்கம்

மேடைக்குப் பின்னால் நின்று கிட்டார்களுக்குச் சுருதி சேர்ப்பது என் வேலை. எங்கள் பாட்டுக் குழு தொடங்கி நாற்பது வருடமாகிறது. இங்கிலாந்தில் எங்கள் வுல்வர்ஹாம்ப்டன் ஊரில் எந்த மதுக்கடைக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: பாடகர்களில் கிளெம் உசத்தியா, நெவில் உசத்தியா? கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கிளெம் ஆறே வருடம் பாடினான். பேரும் புகழுமாக இருந்தபோது சண்டை போட்டுக்கொண்டு போனான். அவன் இடத்துக்கு வந்த நெவில் இருபத்திரண்டு வருடம் பாடினான், பெரும்பாலும் கிளெமின் பாட்டுகளை. நெவிலுக்குக் கிளெமைவிடக் கனத்த குரல்.

"சுருதியை அரைக்கட்டை இறக்கிக் கொடுப்பா ராய்ஸ்டன், தொண்டை கிழியுது" என்று வருடம் தவறாமல் கேட்பான்.

தலைமைக் கிட்டார்காரன் ராய்ஸ்டன் வைத்ததுதான் சட்டம். "கிளெம் பாடின சுருதிடா அது. முடிஞ்சா பாடு, இல்லேன்னா பஸ் ஓட்டப் போ."

நெவில் என் பக்கம் திரும்புவான். நான் கம்பியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். தொண்டையில் இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் நிறுத்திக்கொண்டான். குழுவும் கலைந்தது.

போன சனிக்கிழமை மதியம் நாற்பதாம் ஆண்டுக் கச்சேரி. பாட கிளெம் வந்திருந்தான். கடைசிப் பாட்டு மட்டும் நெவிலுக்கு. அதுவும் கிளெமின் பாட்டுதான்.

"சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது இதை ஊர் சிரிக்காம பாடணும் லென்" என்றான் நெவில் என்னிடம், வந்ததும் வராததுமாக.

காலை ஒத்திகையில் கிளெமுக்கு மேல் ஸ்தாயி எட்டவேயில்லை. ராய்ஸ்டன் என் காதருகே வந்தான். "எல்லாத்தையும் ஒரு கட்டை இறக்கிடு. பேஸ் கிட்டாரையும். வெளியில மூச்சு விடாதே."

அரை கேட்டவனுக்கு இல்லை, கேட்காதவனுக்கு முழுசாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இறக்கினேன்.

முதல் பாட்டு தொடங்கியதுமே நெவிலுக்குத் தெரிந்துவிட்டது. மேடை ஓரத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். மற்றபடி கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. "கிளெம் கிளெம்தான்யா!" என்று கூத்தாடினார்கள்.

கடைசியில் நெவில் பாடினான். நரம்பு புடைக்கவில்லை, கண் மூடவில்லை, நின்ற இடத்தில் நின்று சும்மா பாடினான். அப்படி ஒரு குரல் அவனிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

முன்வரிசையில் பியரோடு நின்ற ஒருவன் கத்தினான்: "பார்த்தியா, கிளெம் பக்கத்துல நின்னதும் இவனுக்கும் பாட்டு வந்துடுச்சு!"

நெவில் இறங்கி வந்து என் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தான்.

"வலிக்கவே இல்லடா லென்."

நான் கம்பியைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.

"ஒரு கட்டையா?"

"ஒரு கட்டை."

"இறக்க எவ்வளவு நேரமாச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூடத் தெம்பில்லை.

"பத்து நிமிஷம்" என்றேன்.