கழுத்தில் கைக்குட்டை கட்டிய புட்டி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஒரு குளிர்ந்த புட்டியின் கதை சொல்கிறேன். உங்களுக்கென்றே எடுத்து வைத்திருந்தது.

ஓர் ஆய்வுக்கூடத்தில் அண்ணியும் நாத்தனாரும் வேலை பார்த்தார்கள். அண்ணிக்கு ரசாயனக் கிடங்குப் பொறுப்பு. நாத்தனார் ஆராய்ச்சிக்காரி, எல்லோரும் அவளைக் கூப்பிடுவது ‘பரபரப்பு’ என்று. நான்கு மாதமாக அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, கடுகளவு மணிகளின்மேல் ஒரு சங்கிலி வளர்த்திருந்தாள். கடைசிக் கண்ணிதான் பாக்கி. சங்கிலியோ இன்னும் இரண்டு நாள்தான் தாங்கும்.

அந்தக் கடைசிக் கண்ணி, உறைபெட்டியில் கிடந்த ஒரு வெள்ளைப் பொடி. அதுவும் அமினோ அமிலம்தான். அதன் இரண்டு கைகளில் ஒன்றைக் கட்டிவிட்டு, மறுகையைப் பிடித்துக்கொள்ளத் தோதாக நீட்டிவைத்திருப்பார்கள். ஈரம் பட்டால் அந்தக் கை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வேறு யாரையும் பிடிக்காது. குளிர்ந்த புட்டியைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரமெல்லாம் உள்ளே போய்ப் படியும். அதனால் அண்ணி புட்டியை வெளியே எடுத்ததும் அதன் கழுத்தில் தன் கைக்குட்டையைக் கட்டிவிடுவாள். புட்டி குளிர்ந்திருக்கும்வரை துணி நனையும். ஒரு மணி நேரம் கழித்துத் துணி காய்ந்திருந்தால் குளிர் விட்டுவிட்டது என்று அவளே அவிழ்ப்பாள். அதுவரை யாரும் தொடக்கூடாது.

அன்றைக்கு அண்ணி புட்டியை எடுத்துக் கைக்குட்டை கட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். பரபரப்பு இருபது நிமிடம் பொறுத்தாள். பிறகு அவிழ்த்தாள், திறந்தாள். வாயருகே பொடி ஈரச் சர்க்கரைபோலக் கட்டிதட்டியது. சட்டென்று மூடி, கைக்குட்டையைத் திரும்பக் கட்டிவைத்தாள்.

அண்ணி வந்து பார்த்தாள். “இது என் முடிச்சு இல்லையே.”

“அண்ணி…”

“திறந்தியா?”

“ஒரே ஒரு நிமிஷந்தான் அண்ணி. நாலு மாச உழைப்பு போச்சு. புதுப்புட்டி வர ஆறு வாரமாகும்.” கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“அழுறதா இருந்தா தள்ளி நின்னு அழு தாயே. இருக்கிற ஈரம் போதும்.”

சொல்லிவிட்டு உறைபெட்டியின் அடித்தட்டில் கைவிட்டு, இறுக மூடிய ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள்.

“புட்டி வந்த அன்னைக்கே கொஞ்சம் பிரிச்சு, காத்துப் படாம அடைச்சு வச்சேன். உங்க அண்ணனோட பத்து வருஷமாக் குடித்தனம் பண்றேன்ல? அடுப்புல ஏத்தினது கொதிக்கிறதுக்குள்ள பத்து தடவை மூடியைத் திறப்பாரு. அதே ரத்தம்தானே நீ!”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா இன்னும் தைரியமாத் திறந்திருப்பே.”

கைக்குட்டை இப்போது குப்பியின் கழுத்தில் கட்டப்பட்டது. பரபரப்பு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணி துணியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள், காய்ந்திருந்தது. அவிழ்த்தாள். பொடி சலித்த மாவுபோலச் சரசரவென்று விழுந்தது.

கடைசிக் கண்ணியையும் கோத்துவிட்டு, மாலையில் நாலைந்து மணிகளில் சோதனைச் சொட்டு விட்டுச் சூடாக்கினார்கள். கண்ணி கோக்காமல் விட்ட இடம் இருந்தால் நீலமாகிவிடும். ஒரு மணிகூட நீலமாகவில்லை. பரபரப்பு அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் அவள் அண்ணன் அடுப்பு மூடியில் கைவைத்தான். தங்கை அந்தக் கையில் ஒன்று போட்டாள். “பொறுண்ணா!” அண்ணி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

உங்கள் வீட்டிலும் அவசரப்படும் கையும், அதைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கும் கையும் ஒரே அடுப்படியில் நீடூழி வாழட்டும், என் செல்லங்களா.