ஒரு லோடு மணல்

விழாக்காரர்கள் கேட்டது எட்டுப் பேர். அறிவுச்செல்வியிடம் இருந்தது ஏழு பேர். அதை ஒப்புக்கொள்ள மனசு வராமல், "எட்டும் ரெடி சார்" என்று போனில் அடித்துவிட்டாள். வாய் இருக்கிறதே, அது எப்போதும் அவள் காலுக்கு ஒரு அடி முன்னால்தான் போகும்.

தூத்துக்குடிப் பக்கம், கடற்கரையில் மூன்று நாள் நாட்டுப்புற இசை விழா. கடலுக்கு வெகு தொலைவில், ஆத்தூரை ஒட்டிய இந்தச் சின்ன ஊரின் பெண்கள் ஆடும் ஒயிலாட்டத்துக்கு அழைப்பு வந்திருந்தது. காலில் சலங்கை, கையில் கலர்த் துணி, வரிசையாக நின்று ஆட வேண்டும். குழுவுக்குத் தலைவி அறிவுச்செல்வி, பாடுவதும் அவளே. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று வந்த பட்டியலை, செல்போன் கடையில் வேலை பார்க்கும் ரீனா எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள்.

"தொப்பி, கூலிங்கிளாஸ், டார்ச் லைட்டு, வெயிலுக்குப் பூசுற கிரீம்..."

"வெயிலுக்குக் கிரீமா? பொறந்ததுலருந்து வெயில்லதான நிக்கிறோம், இனிமேத்தான் கறுக்கப் போறமாக்கும்!" என்றாள் செபாஸ்தியம்மாள். குழுவிலேயே மூத்தவள். பட்டியலில் இல்லாத புளியோதரை, ஊறுகாய், இட்லிப் பொடி, ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் அன்றைக்கே சாக்கில் கட்டிவிட்டாள்.

"அக்கா, எட்டாவது ஆளு பேரு கேட்டிருக்காக. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலைனா நம்ம ஆட்டத்தையே எடுத்துருவாகளாம்" என்றாள் ரீனா.

எல்லோர் கண்ணும் தெருக்கோடிக்குப் போனது. அங்கே கிளிப்பச்சை பெயின்ட் அடித்த புது வீடு. ராமுத்தாய் வீடு. எட்டாவது ஆள் அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை.

அந்த வருஷம் கன்னிவாடித் திருவிழாவில் ஆட்டம் சூடு பிடித்த நேரம், அறிவுச்செல்வி கையில் மைக் இருந்தது. பாட்டுக்கு நடுவிலேயே, "கடைசி ஆளு! மூணாவது அடி பிந்துது, தூக்கமா?" என்று கேட்டுவிட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராமுத்தாய் சலங்கையை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டு, தனியாக டவுன் பஸ் ஏறிப் போய்விட்டாள். பால்வாடியிலிருந்து ஒன்றாகத் திரிந்த இரண்டு பேரும் அதோடு பேச்சை விட்டார்கள். புதுமனை புகுவிழாவுக்குக்கூட அறிவுச்செல்விக்குப் பத்திரிகை வரவில்லை. வந்திருந்தால் முதல் ஆளாகப் போய் நின்றிருப்பாள். அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"பேரு பாத்துக்கலாம். மொதல்ல மணல்ல ஆடிப் பழகுவோம்" என்றாள்.

மணலுக்கு எங்கே போவது? ஊரெல்லாம் சிமென்ட் ரோடு. இருந்த ஒரே மணல் ராமுத்தாய் வீட்டு வாசலில் போன வாரம் வந்து இறங்கிய ஒரு லோடு. "காம்பவுண்டு கட்டப் போறா போல" என்று செபாஸ்தியம்மாள் துப்புச் சொன்னாள். காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போனால் பதினொரு மணிக்குத்தான் ராமுத்தாய் திரும்புவாள். ஒன்பது மணிக்கு ஏழு பேரும் திருட்டுப் பூனைகளாக உள்ளே புகுந்து, குவியலின் ஓரத்தைப் பரத்தி ஆட ஆரம்பித்தார்கள்.

ஆட்டமா அது? முதல் அடியில் கால் புதைந்தது. இரண்டாவது அடியில் சலங்கை ஊமையானது. மூன்றாவது அடியில் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தது. எல்லோருக்கும் முன்னால் நின்று எல்லோரையும்விடப் பிந்தியது யார் என்றால், சாட்சாத் அறிவுச்செல்வி.

"கன்னிவாடியில ராமுத்தாயக்கா நின்ன எடமும் இப்படித்தான்க்கா இருந்துச்சு. கொடிக்கம்பத்துக்குக் கொட்டுன மணலு. நான் பக்கத்துலதான நின்னேன்" என்றாள் ரீனா.

"அடிப்பாவி! அன்னிக்கே சொல்றதுக்கு என்னடி?"

"நீங்க மைக்க வாயிலருந்து எடுத்தாத்தான சொல்றதுக்கு."

அறிவுச்செல்விக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே ராமுத்தாயிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்தான். வாசல் வரைக்கும் கால் போனது. ஊரையே ஏலம் போடுகிற வாய் மட்டும் அன்றைக்குப் பார்த்து வரமாட்டேன் என்றது.

தினமும் ஆடினார்கள், தினமும் மணலை அள்ளிக் கூட்டித் தடம் தெரியாமல் வைத்துவிட்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை போனால், மணல் வாசல் முழுக்கச் சமமாகப் பரத்திக் கிடந்தது. கடற்கரை போலத் தண்ணீர் வேறு தெளித்திருந்தது.

"சாமி குத்தமாடி?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"எந்தச் சாமியும் இல்ல. ஆடுங்க" என்று குரல் வந்தது. நிலைப்படியில் ராமுத்தாய். மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

ஓடவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் ஆடினார்கள். ஒரு சுற்று முடிந்ததும் ராமுத்தாய் சொன்னாள்: "முன்னாடி நிக்கிற ஆளு! மூணாவது அடி பிந்துது, தூக்கமா?"

யாரும் சிரிக்கவில்லை.

"ஆமா, பிந்துது. அன்னிக்கு உன் மேல தப்பில்ல தாயி. மணல்ல நின்னு பாத்தப்பறந்தான் எனக்கு ஒறைச்சுச்சு" என்றாள் அறிவுச்செல்வி.

"அன்னிக்கு மைக்குல சொன்ன. இன்னிக்கு வெறும் வாயில சொன்னா எப்படி?"

ரீனா ஓடிப்போய் மைக்கையும் ஸ்பீக்கர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அறிவுச்செல்வி மைக்கைப் பிடித்தாள். "கன்னிவாடியில பிந்துனது ராமுத்தாய் இல்ல. மணலுன்னு பாக்காமப் பேசுன என் புத்திதான் பிந்திப் போச்சு. அவ இல்லாம ரெண்டு வருசமா எனக்கு ஆட்டமே ஓடல." கடைசி வார்த்தையில் குரல் உடைந்து, ஸ்பீக்கர் கொரகொரத்தது. தெருவே கதவைத் திறந்து பார்த்தது.

ராமுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் இறங்கினாள். "குதிகால ஊணாத. வெரல மட்டும் வச்சு வெரசா எடு. பாட்டுக்கு முந்தி காலு வரணும்." ஆடிக் காட்டினாள். அவள் காலில் சலங்கை முன்கூட்டியே ஏறியிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

"உன் காம்பவுண்டு மணல இப்படிப் பாழாக்கிட்டமே" என்றாள் அறிவுச்செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எந்தக் காம்பவுண்டு? வீட்டு வேல முடிஞ்சு நாலு மாசமாச்சு. நீங்க கடக்கரைக்கு ஆடப் போறீகன்னு கேட்ட அன்னிக்குத்தான் லோடு சொன்னேன். மணலப் பத்தி உனக்கு என்ன தெரியும், போயி அசிங்கப்பட்டுட்டு வருவியேன்னு."

அறிவுச்செல்வி மைக்கை ரீனா கையில் கொடுத்துவிட்டு, ராமுத்தாய் பக்கத்தில் போய் விரல் ஊன்றி நின்றாள்.

ரீனா சும்மா இருப்பாளா? போனை எடுத்துக்கொண்டு மைக்கில் கேட்டாள்: "எட்டாவது ஆளு பேரு ராமுத்தாய். போட்டாச்சு. வயசு எம்புட்டுக்கா?"

"அடியே, மைக்க அமத்திட்டுக் கேளுடி!"