ஆவி நின்ற ஞாயிற்றுக்கிழமை

எரிமலை என்றால் நெருப்புதான் கக்கும் என்று சொல்கிறவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. என் அண்ணி லூமிங்கின் முதுகைப் பொசுக்கியது தண்ணீர். வெறும் ஏரித்தண்ணீர்.

ஏரி நடுவே எரிமலையாக நிற்கும் தால் தீவில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ஆவிக்குழி உண்டு. அந்த ஆவியில் முட்டையும் வாழைப்பழமும் அவித்து, மலை பார்க்க வருகிறவர்களுக்கு விற்போம். என் குழி கரையோரம். அண்ணியுடையது மேலே, மலைவாய் விளிம்புக்குப் பக்கத்தில்.

அந்த ஞாயிறு காலை என் குழியில் ஆவி இல்லை. கந்தகமும் சேறும் இறுகி வாயை அடைத்திருந்தன. சுற்றியிருந்த மண்ணோ செருப்பையும் மீறிச் சுட்டது. ஏரித்தண்ணீர் அடியில் கசிந்து, வெந்த பாறையில் பட்டு ஆவியாகிறது. இந்தக் குழிகள்தான் அதற்கு மூக்கு. மூக்கை அடைத்தால் என்றைக்காவது பாறையைப் பெயர்த்துக்கொண்டுதான் வெளியே வரும். இங்கே பிறந்த எவளுக்கும் இது தெரியும். தெரிந்துதான் என் சட்டிபானைகளைப் படகில் ஏற்றிவிட்டேன்.

அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை? போன மாதம் இப்படித்தான் நான் கத்த, ஊரே படகேறி ஓடி, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அண்ணியின் வாய்க்கு நான்தான் அவல்.

வாழைச்சீப்புகளோடு வந்தாள்.

"என்னடி சியோனி, அடுப்பு அணைஞ்சு போச்சா? இன்னைக்கு எந்தப் பக்கம் ஓடப்போற?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் எதுக்கு ஓடணும்? சேறு அடைச்சிருக்கு. மூங்கிலால குத்துனா சரியாப் போயிடும்."

"என் குழியும் நேத்தே அடங்கிப் போச்சுடி. மேல போலாமா வேணாமான்னு இருக்கு."

"போங்கண்ணி. உங்களுக்குமா பயம்?"

பாவி, அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

அவள் மேட்டில் ஏறி மறைந்ததும் படகின் கயிற்றை அவிழ்க்கப் போனேன். கை முடிச்சில் இருக்கும்போதே மேலே அண்ணியின் குழிப் பக்கம் 'டமார்' என்றது. நெருப்பில்லை. வெள்ளை ஆவியும் சேறும் கல்லும் தென்னை உயரத்துக்கு எழும்பின. அதற்கப்புறம் நான் மேலே ஓடியது நிஜம்தான். கொதிசேற்றில் கிடந்தவளை இழுத்து வந்து படகில் போட்டேன்.

உயிரைக் காப்பாற்றியவள் என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னைக் கொண்டாடினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் நாள் அண்ணி பேச ஆரம்பித்ததும் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அண்ணி, எனக்கு அன்னைக்கே தெரியும். மண்ணு சுட்டுச்சு. தெரிஞ்சேதான் உங்களைப் போகச் சொன்னேன்."

"அட போடி. எனக்கு மட்டும் சுடலையா?" கட்டுப்போட்ட கையை என் தலைமேல் வைத்தாள். "பயந்தாங்கொள்ளி, நீயே தைரியமா இருக்கியேன்னுதான் நான் ஏறினேன்."

அன்றைக்கு நான் படகில் புறப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமாண்ணி" என்றேன்.