மயக்கம், ஒரு சுற்று

சாஸ்திரிகள் விரல் மடக்கி எண்ணத் தொடங்கியபோது வித்யாலக்ஷ்மி அம்மாவின் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். விடியற்காலை நாலு மணிக்கு மாரடைப்பு. சென்னையிலிருந்து காரில் அவள் குத்தாலம் வந்து சேரப் பத்தாகிவிட்டது. வழி நெடுக மார்கழிப் பனி. அதற்குள்ளிருந்து இன்னும் வெளியே வராதவள் மாதிரித்தான் இருந்தாள். அழுகை வரவில்லை.

"அப்பாவுக்கும் தம்பி நவநீத்துக்கும் பத்து நாள் தீட்டு. நீ கட்டிக்குடுத்த பொண்ணு, மூணு நாள். சூரியோதயத்துக்கு முன்னாடி போயிருக்கா. அதனால நேத்தி ஒண்ணு, இன்னிக்கு ரெண்டு, நாளையோட முடிஞ்சுது. நாளன்னிக்குக் காலம்பற ஸ்நானம் பண்ணிட்டா சுத்தம்."

"நேத்திக்கு அம்மா நன்னா இருந்தாளே மாமா. சாயங்காலம் போன்ல என்னோட சண்டை போட்டா."

"சாஸ்திரம் அப்படித்தாம்மா," என்றார் அவர் இதமாக. நல்ல மனிதர். அவரைக் கோபித்துக்கொண்டு என்ன செய்வது.

சண்டை மயக்கத்தைப் பற்றி. வித்யா பலகை விளையாட்டுகளை உருவாக்குகிறவள். புது ஆட்டத்தில் இரண்டு படைகள் முறை வைத்து மோதும். அடிபட்ட வீரனுக்கு விஷம் மூன்று சுற்று, பயம் இரண்டு, மயக்கம் ஒன்று. எத்தனை சுற்றோ அத்தனை பித்தான்களை அவன்மேல் வைக்க வேண்டும். அவன் முறை வந்ததும் முதல் வேலையாக ஒன்றை எடுத்துவிட வேண்டும். ஆட்டம் இழுக்கக் கூடாதென்று அவள் வைத்த விதி. அச்சுக்குப் போகுமுன் அம்மாவும் அப்பாவும் கூடத்தில் பாய் விரித்து ஆடிப் பார்ப்பார்கள். குற்றம் கண்டுபிடிப்பது அம்மா. அப்பா வாயே திறக்க மாட்டார், தோற்பதோடு சரி.

"மயக்கம் ஒரு சுத்துன்னு எழுதியிருக்கே. என் முறை வந்ததும் பித்தானை எடுத்துடறேன். உடனே எழுந்து வெட்ட ஆரம்பிச்சுடறான். அவன் எப்போடி மயங்கினான்?"

"ஒரே ஒரு சுத்துதானேம்மா. அதுக்குப் போய்..."

"ஒண்ணோ மூணோ, பட்டுட்டுத்தான் கழிக்கணும். படறதுக்கு முன்னாடியே கழிச்சா அது என்ன கணக்கு?"

"நாளைக்குப் பேசலாம்" என்று வித்யா வெடுக்கென்று போனை வைத்துவிட்டாள்.

அம்மாவைக் காவிரிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் பொழுதுகள் தண்ணீருக்கடியில் நகர்வதுபோல நகர்ந்தன. யாரோ காபி கொடுத்தார்கள். யாரோ கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள், உதடு அசைவதுதான் தெரிந்தது. கொல்லைக்கு அப்பால் சம்பாக் கதிர்கள் வேரே இல்லாமல் பனியில் மிதந்தன. அம்மா உள்ளே எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று வித்யா வாசற்படியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வராததைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை.

குறித்த நாள் காலையில் அத்தை ரெங்கம்மாள் கிணற்றடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் விட்டாள்.

"ஆச்சு, ஒனக்கு முடிஞ்சுது. மாப்பிள்ளை வந்துண்டிருக்கார். சாப்ட்டுட்டுக் கிளம்பு."

முதல் சொம்பிலேயே உடம்பு தூக்கிப்போட்டது. இத்தனை நாள் உறைக்காத குளிர் உறைத்தது. அதோடு சேர்ந்து, அம்மா இல்லை என்பதும் உறைத்தது. இனிமேல் போன் செய்தால் எடுக்க மாட்டாள்.

தீட்டுக்காரர்களுக்குத் தாழ்வாரத்தில் தனியாக இலை போட்டிருந்தது. அப்பாவும் நவநீத்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வித்யா ஈரத் தலையோடு வந்து தம்பி பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

"அங்கே ஏன் உக்கார்றே? அவாளுக்குத்தான் இன்னும் தீட்டு. ஒனக்கு உள்ளே இலை போட்டிருக்கேன்," என்றாள் அத்தை.

வித்யா பதில் சொல்ல வாயெடுத்தாள். உதடு கோணிக்கொண்டது.

அப்பா ரசம் சாதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அவளுக்கு இன்னிக்குத்தான் ஒண்ணு, ரெங்கு," என்றார்.

அத்தை கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய், போட்டிருந்த இலையை எடுத்துவந்து, நவநீத்துக்குப் பக்கத்தில் விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.