முதலாளியின் கோப்பில் ஒரு வரி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது என்று சொன்னால் சுத்தப் பொய். இன்று காலை பதினொன்றே காலுக்கு ஒரு போன் வந்தது. நாலு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லத் துணிச்சல் இல்லாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் என் கணவரும் தற்காலிக வளர்ப்புப் பெற்றோர். பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளைகளைக் குழந்தைகள் நல அலுவலகம் எங்களிடம் விடும். வாரமோ வருடமோ, வைத்துப் பார்த்துக்கொள்வோம். அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் எழுத்தாளர் என்று பேரெடுத்தவள். மூன்று வருடமாக எங்கள் பின்னறை காலி. [ஏன் என்று இப்போதே கேட்காதீர்கள்.]

2

முதல் தொடக்கம்: "'ஒரு பொண்ணு, பத்து வயசு' என்றார் அலுவலர். என் கணவர் வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்கோ நெஞ்சு..."

நிறுத்திவிட்டேன். அந்த மனுஷன் அப்போது வீட்டிலேயே இல்லை. எங்கோ எட்டாவது மாடியில் லிஃப்டுக்கு மேலே நின்றுகொண்டிருந்தார். பழியை அவர் தலையில் போட்டால் எனக்கு வசதி, அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "பெண் பிள்ளையை வைத்து வளர்த்து எனக்குப் பழக்கமில்லை, ஆகவே..."

இதுவும் புளுகு. ஒருத்தியை ஏழு மாதம் வைத்திருந்தேன்.

3

அப்போது அவளுக்கு ஏழு வயது. வந்த மறுநாளே யார் எங்கே உட்கார வேண்டும், எந்தத் தட்டு யாருக்கு என்று சட்டம் போட்டாள். என் கணவர் அவளுக்கு 'முதலாளி' என்று பேர் வைத்தார்.

"முதலாளி, இன்னிக்கு லீவு குடுப்பீங்களா?"

"நாளைக்குப் பாக்கலாம். போய் வேலையப் பாரு."

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அம்மாவைப் பற்றி மட்டும் ஆளுக்கொன்று சொல்வாள். என் கணவரிடம், அம்மா நர்ஸ். டீச்சரிடம், அம்மா கப்பலில் இருக்கிறாள். பக்கத்து வீட்டக்காவிடம், அம்மா அடுத்த தெருதான், சாயங்காலம் வந்துவிடுவாள்.* ஒருநாள் பள்ளிக்கூடத்தில், "நேத்து எனக்குச் சாப்பாடு குடுக்கல" என்று சொல்லிவிட்டாள். அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டக்கா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். என் மானம் கப்பலேறியது.

(* அந்த அம்மா எங்கே என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கும்தான்.)

4

வளர்ப்புப் பெற்றோர் தினமும் குறிப்பேடு எழுதி அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், காய்ச்சல் உண்டா. மற்றவர்கள் 'சாப்பிட்டாள், தூங்கினாள்' என்று முடித்துக்கொள்வார்கள். எனக்கு அது போதுமா? பெரிய எழுத்தாளர் ஆயிற்றே! சோதனைக்கு ஆள் வந்த அன்று எழுதினேன்: 'இவள் பொய்யைக் கேட்பவரின் அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறாள்.'

எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்தேன். வாக்கியம் நன்றாக விழுந்திருந்தது. கோபம்கூடப் போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம், வேறு வீடு பார்க்கச் சொல்லி நான்தான் எழுதிக் கொடுத்தேன். "இன்னும் ஒரு மாசம் பாப்போமே" என்று அவர் கெஞ்சியும் கேட்கவில்லை. அவளை அழைத்துப் போனபோது நான் குளியலறையில் [அழுதுகொண்டிருந்தேன் என்று எழுதி அடித்திருக்கிறேன். அழவில்லை.] குழாயைத் திறந்துவிட்டு, வண்டி கிளம்பட்டும் என்று காத்திருந்தேன்.

5

காலையில் பேசியவர் புது அலுவலர். எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. அறை காலி என்று பட்டியலில் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"நாலு வீடு மாறிட்டா, மேடம். உண்மையச் சொல்லிடறேன், கோப்பைப் படிச்சதும் எல்லாரும் வேணாம்னுடறாங்க."

"அப்படி என்ன எழுதியிருக்கு?"

தாள் புரளும் சத்தம். "இருங்க... 'இவள் பொய்யைக் கேட்பவரின் அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறாள்.' எழுதினவங்க பேரை மறைச்சிருக்கு. ஆனா நல்லா எழுதியிருக்காங்க, இல்ல?"

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். வாய் கூசியது என்பதெல்லாம் சும்மா. பயந்துவிட்டேன்.

6

முடிவுகள்:

அ. சரி என்கிறேன். அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்கிறாள். (உங்கள் கண் கலங்கும். எனக்கு நல்ல பேர்.)

ஆ. முடியாது என்கிறேன். காலி அறையின் ஜன்னலோரம் நின்று... (இதிலும் நான்தான் அழகாக நிற்கிறேன்.)

இ. முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். இதைத்தான் போடுவதாக இருந்தேன். நழுவ இதைவிட நல்ல வழி எது?

7

மூன்றரைக்கு என் கணவர் வந்துவிட்டார். மேசையில் கிடந்த தாள்களை எடுத்து, கையில் கிரீஸோடு நின்றபடியே படித்தார்.

"இத முடிச்சிட்டுத்தான் போன் பண்ணுவியா?"

"இல்ல, வந்து..."

"அவளப் பத்தி எழுதினது போதும்மா."

அவரே அலுவலரின் நம்பரை அழுத்திப் போனை என் கையில் கொடுத்தார். வேறு வழியில்லை, சொன்னேன்: "சார், அந்த வரிய எழுதினது நான்தான். முதல்ல அவள வச்சிருந்தது நாங்கதான். இன்னொண்ணு... சாப்பாடு குடுக்கலன்னு அவ சொன்னது பொய் இல்ல. 'அம்மாவப் பத்தி நெசத்தச் சொல்லு, அப்புறம்தான் சாப்பாடு'ன்னு ராத்திரி தட்டை எடுத்து வச்சிட்டேன். அவ சொல்லல. அப்படியே படுத்துட்டா."

[ஆமாம், மூன்றாம் பகுதியில் உங்களிடம் இதை மறைத்தேன். நான்காம் பகுதியிலும்.]

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்டகூடச் சொல்லலியே நீ" என்றார்.

போனில் மறுபடி தாள் புரளும் சத்தம். பிறகு, "இத நான் கோப்புல எழுதணும், மேடம்."

"எழுதுங்க. அந்த வரிக்குக் கீழேயே எழுதுங்க. அவ வரட்டும் சார். நாங்க வச்சுக்கறோம்."

"மேலதிகாரி பாக்கணும். அதுக்கு முன்னாடி அவகிட்ட கேக்கணும். எந்த வீடு, யாருன்னு சொல்லித்தான் கேக்கணும். பக்கத்து ரூம்லதான் இருக்கா. லைன்லயே இருங்க."

எனக்கு இது உறைக்கவே இல்லை பாருங்கள். மூன்று முடிவு எழுதினேனே, ஒன்றிலாவது அவளை யாராவது கேட்டார்களா?

8

அதனால், உங்களுக்குக் கொடுப்பதாக இருந்த முடிவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மன்னியுங்கள். அது என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை.

போனை இடது காதில் வைத்திருக்கிறேன். அவரும் எழுந்து வந்து பக்கத்தில் காதை வைத்திருக்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். வலது கை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, வெட்கங்கெட்ட கை. அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கிறது. அலுவலர் மெதுவாக ஏதோ சொல்கிறார், எங்கள் தெருவின் பெயர் மட்டும் காதில் விழுகிறது. நாற்காலி நகர்கிறது.

அவள் வேண்டாம் என்று சொன்னால், அது பொய்யாக இருக்காது.