நடுவில் ஒரு வில்லை

துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்துகொண்டு கட்டிலருகே வந்தவன், உயிர் போய்க் கிடந்த அப்பாவின் நெற்றியைத் துடைக்கக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

"கடைசியா என்ன சொன்னார்?" என்று மனைவியைக் கேட்டான். "என்னப் பத்தி ஏதாவது?"

அவள் வாளியை நகர்த்துகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமனார் விடியற்காலையில் சொன்னது அவள் காதிலேயே நின்றது.

அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசி வருடக்கணக்காகிறது. இருவருக்கும் நாணயச்சாலையில்தான் வேலை. அவர் அச்சுப் பட்டறை மேஸ்திரி. இவன் காசு அடிக்கும் இயந்திரத்தில். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் வழவழவென்று ஓர் உலோக வில்லை வந்து விழ வேண்டும். இரண்டும் சேர்ந்து அதை நசுக்கினால் காசு. வில்லை வராவிட்டால் இயந்திரம் தானாக நின்றுவிடும். சும்மா சும்மா நிற்கிறதே என்று எரிச்சல்பட்டு, நிறுத்துகிற நெம்புகோலைக் கம்பியால் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனான் மகன். வில்லை வரும் குழாய் அந்த நேரம் பார்த்தா அடைத்துக்கொள்ள வேண்டும்! நடுவில் ஒன்றுமில்லாமல் அச்சும் அச்சும் மோதிக்கொண்டன. மேல் அச்சில் செதுக்கியிருந்த தலையின் சாயல் கீழ் அச்சில் இறங்கியது. கீழே இருந்த எண், தலையின் கன்னத்தில் ஏறியது. அடைப்பு விட்டபின் விழுந்த காசிலெல்லாம் கன்னத்தில் தழும்பு.

இயந்திரக் கோளாறு என்று அதிகாரிகளே பூசி மெழுகியிருப்பார்கள். விசாரணையில் மேஸ்திரிதான் போட்டு உடைத்தார். "கம்பிய அவுத்தது நான். கட்டினது என் பையன்." மகனை மூட்டை தூக்கும் பிரிவுக்குத் தள்ளினார்கள். அன்று வீட்டு வாசலில் நின்று, "நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று தெருவே கேட்கக் கத்தினான். அதோடு சரி.

பிறகு அந்த வீட்டில் இருவருக்கும் நடுவே பேச்சைச் சுமந்தது இவள்தான். "துரை வந்தாச்சா?" என்று அவர் உறுமினால், "சாப்பிட்டீங்களான்னு மாமா கேட்டார்" என்பாள். "கிழம் மாத்திரை முழுங்குச்சா?" என்று இவன் எரிந்து விழுந்தால், "மாமா, உங்கள மறக்காம மாத்திரை போடச் சொன்னார்" என்று அவரிடம் சொல்வாள். மாமனாரே ஒருநாள் அவளிடம் சொல்லியிருக்கிறார்: "மோதின அச்ச பாலிஷ் போடலாம்மா. தழும்பு போயிடும். கூடவே மூக்கும் முழியும் மழுங்கிடும்." அவர் வேலையைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

இப்போதும் நாக்கு தயாராகவே இருந்தது.

"உங்களத்தான் கேட்டார். நல்லா இருக்கட்டும்னார்."

அவன் சிரித்தான். அதற்கு அவன் அழுதிருக்கலாம்.

"எங்கப்பா பேச்ச நீ பாலிஷ் போட்டுத்தான் குடுப்பேன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் இத்தன வருஷமும் கேட்டுக்கிட்டேன். இன்னிக்கு ஒரு நாள் அவர் சொன்னத அப்படியே சொல்லு. இனிமே அவர் பேசப் போறதில்ல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செத்தவர்மேல் வந்த கோபமும் அதில் இருந்தது.

"நான் செத்தா அவன் கை என்மேல படக் கூடாதுன்னார்."

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். துண்டை விட்டெறிந்துவிட்டு அவன் போய்விடுவான் என்று பயந்தாள். நெற்றிக்கு மேலே நின்றிருந்த கையை அவன் மெதுவாகப் பின்னால் இழுத்தான். துண்டை அவளிடம் நீட்டினான்.

"நீயே தொடச்சு விடு."

துடைத்தாள்.

"காதுக்குப் பின்னால. அங்க எண்ணெய்ப் பிசுக்கு நிக்கும் அவருக்கு."

துடைத்தாள். பிறகு மாமனாரின் வலது கையைத் தூக்கி, வெறும் பாத்திரத்துக்கு மேலே பிடித்தாள். அவன் குவளையில் வெந்நீர் மொண்டு, தன் விரல் பட்டுவிடாதபடி சற்று உயரத்திலிருந்து ஊற்றினான்.

"நகக்கண்ணுல தேய். மெதுவா."

அவர் உள்ளங்கையில் விழுந்த தண்ணீர் கொஞ்சம் அவன் மணிக்கட்டில் தெறித்தது. அவன் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் குவளையை வாளியில் முக்கினான்.